நாலில் ஒன்று எங்கே போச்சு?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பௌர்ணமி ராத்திரி நடந்தவர்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும். 14 கிலோமீட்டர் சுற்று, எட்டு லிங்கம், வழி நெடுக சுக்குக் காபி, மூலிகை டீ, கரும்பு ஜூஸ். மழைக்காலம் வந்து ஊரில் காய்ச்சல் என்று பேச்சு கிளம்பிவிட்டால் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு பெரிய அண்டா, பக்கத்தில் கேஸ் சிலிண்டர், பின்னால் சிரித்த முகங்களோடு ஒரு ஃப்ளெக்ஸ்: "இலவச நிலவேம்புக் குடிநீர் முகாம்". பேப்பர் கப்பில் ஒரு மடக்கு. குடித்தவர் முகத்தைச் சுளித்து, "நல்ல கசப்பு, நல்ல மருந்து" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். முகாம் நடத்தியவர்கள் "600 பேர் பயனடைந்தனர்" என்று போட்டோ போடுவார்கள்.

எல்லாம் சரி. அந்தக் கப்பில் இருந்தது நிலவேம்புக் குடிநீர்தானா?

சந்தேகம் மூலிகை மேல் இல்லை. கொடுத்தவர் மனசு மேலும் இல்லை. அடுப்பு மேல்!

பாக்கெட்டில் என்ன இருக்கு?

நிலவேம்புக் குடிநீர் என்றால் நிலவேம்பு மட்டும் இல்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. ஒன்றிரண்டாக இடித்த சூரணமாகக் கிடைக்கும். கொரோனா காலத்தில் 2020-ல் வீட்டுக்கு வீடு வந்த கபசுரக் குடிநீரில் 15 சரக்கு. இரண்டுக்கும் செய்முறை ஒரே மாதிரிதான்: ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் பொடி, 240 மில்லி தண்ணீர். கொதிக்கவைத்து 60 மில்லியாக வற்றியதும் வடிகட்டிக் குடிக்க வேண்டும். நாலில் ஒன்றாகக் குறுக்குதல் என்பது இதுதான். சில கஷாயங்களுக்கு எட்டில் ஒன்று வரைக்கும் போகும்.

கவனியுங்கள். அங்கே நிமிஷம் எழுதவில்லை, மட்டம்தான் எழுதியிருக்கிறது. கடிகாரம் இல்லாத காலத்துச் சமையல் குறிப்பு அது. விறகடுப்பில், மண்சட்டியில், சிறு தீயில் 240 மில்லி 60 ஆக வற்ற எவ்வளவு நேரம் ஆகுமோ அதுதான் நேரம். "நாலில் ஒன்று" என்ற இரண்டு வார்த்தைக்குள் தண்ணீர் அளவும் நேரமும் சேர்ந்தே ஒளிந்திருக்கின்றன.

இன்று அந்த இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. கேஸ் அடுப்பில் தீயை முழுசாக வைத்தால் 180 மில்லி தண்ணீர் ஆவியாகப் பத்து நிமிஷம்கூட ஆகாது. அதையே சிம்மில் வைத்தால் அரை மணி நேரம் தாண்டும். இரண்டு டம்ளரிலும் 60 மில்லிதான். ஆனால் ஒரு பொடி எட்டு நிமிஷம் வெந்தது, இன்னொன்று முப்பத்தைந்து நிமிஷம் வெந்தது. இரண்டும் ஒரே மருந்து என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

கசப்பு ஒரு வழி, மணம் ஒரு வழி

இந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள் ஒரு கூட்டம் உண்டு. யார் தெரியுமா? வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள். (திட்டாதீர்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி இங்கே லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் கம்பி எண்ண வேண்டியதுதான். அமெரிக்காவில், இங்கிலாந்தில் அது சட்டப்படி நடக்கிற பொழுதுபோக்கு. இங்கே கடன் வாங்கப்போவது அவர்களுடைய கணக்கை மட்டும்.)

பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. பார்லியிலிருந்து எடுத்த இனிப்புச் சாற்றில் அதைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுவது வழக்கம். அந்தப் பூவில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று ஆல்ஃபா அமிலங்கள். இவை அப்படியே தண்ணீரில் சரியாகக் கரையாது. கொதிக்கக் கொதிக்கத்தான் அவற்றின் மூலக்கூறு அமைப்பு மாறி, கரையும், கசக்கும். அதற்கு நேரம் வேண்டும். இன்னொன்று மணம் தரும் எண்ணெய்கள். இவை ஆவியோடு ஆவியாக ஓடிவிடும். இவற்றுக்கு நேரம்தான் எதிரி.

அதனால் அவர்கள் ஹாப்ஸை ஒரே தடவையில் கொட்டுவதில்லை. கசப்புக்கு ஒரு பங்கு, இறக்குவதற்கு 60 நிமிஷம் முன்னால். சுவைக்கு ஒரு பங்கு, இறக்குவதற்கு 15 நிமிஷம் முன்னால். மணத்துக்கு ஒரு பங்கு, அடுப்பை அணைக்கிற நேரத்தில். எல்லா நேரமும் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும்.

கேஸை மிச்சம் பிடிக்க ஒருவர் 60 நிமிஷத்தை 30 ஆகக் குறைக்கிறார் என்று வையுங்கள். என்ன மாறும்? 15 நிமிஷப் பங்கும் கடைசிப் பங்கும் அப்படியே இருக்கும், அவை கடைசியிலிருந்து எண்ணப்படுவதால். முதல் பங்கு மட்டும்தான் மாட்டிக்கொண்டது. அதற்கு நேரம் பாதி ஆகிவிட்டது.

"நேரம் பாதி, அப்போ ஹாப்ஸ் டபுள்" என்று தோன்றும். தப்பு! 1990களில் கிளென் டின்செத் என்ற அமெரிக்கர் ஒரு சூத்திரம் கொடுத்தார். சாதாரண அடர்த்தியுள்ள சாற்றில் 60 நிமிஷம் கொதித்தால் ஆல்ஃபா அமிலத்தில் சுமார் 23 சதவீதம் கசப்பாகக் கைக்கு வரும். 30 நிமிஷத்தில் சுமார் 18. 15 நிமிஷத்தில் 11-க்குக் கொஞ்சம் மேல். 90 நிமிஷம் கொதிக்கவிட்டாலும் 25-ஐத் தாண்டாது. முதலில் வேகமாக ஏறி, போகப் போகப் படுத்துவிடும் கோடு அது. அதனால் 60 நிமிஷத்துக்கு 30 கிராம் போட்டவர் 30 நிமிஷத்துக்கு 39 கிராம் போட்டால் போதும். 15 நிமிஷம்தான் என்றால் 60 கிராம் வேண்டும். எட்டாம் வகுப்பு நேர்விகிதக் கணக்கு இங்கே செல்லாது.

சாராம்சம் இதுதான். நேரமும் ஒரு சரக்கு. அதைக் குறைத்தால் வேறு எதிலாவது கணக்கைச் சரிக்கட்ட வேண்டும். எதில், எவ்வளவு என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

போதைக்குக் காய்ச்சுகிறவனுக்கு இவ்வளவு அக்கறை. மருந்துக்குக் காய்ச்சுகிறவருக்கு?

ரசம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதுசா?

வெள்ளைக்காரனிடம்தான் கற்க வேண்டும் என்று யாரும் கோபப்பட வேண்டாம். திருவண்ணாமலையில் எந்த வீட்டு அடுப்படியிலும் இது தெரிந்த விஷயம். ரசத்துக்குப் புளித்தண்ணீரைப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுவார்கள். மிளகு, சீரகப் பொடி போட்டு நுரை கட்டி வரும்போது "இறக்கு, இறக்கு, கொதிச்சா கெட்டுடும்" என்று ஓடி வருவார்கள். கொத்தமல்லித் தழை கடைசியில். எது வேக வேண்டும், எது வேகக் கூடாது என்கிற ஞானம் ஒரு சட்டி ரசத்துக்குள் அத்தனையும் இருக்கிறது.

அதே அடுப்பில் அதே கை கஷாயம் வைக்கும்போது மட்டும் என்ன ஆகிறது? "எல்லாத்தையும் போட்டுக் கொதிக்க வை, கசந்தா சரி." கபசுரப் பொடியில் கிராம்பும் கற்பூரவல்லியும் இருக்கின்றன. கிராம்பு எண்ணெயை எடுப்பதே நீராவியை விட்டுத்தான். அந்த எண்ணெய் ஆவியோடு போகும் என்பது எண்ணெய் காய்ச்சுகிறவர் பிழைப்பு. கஷாயம் கொதிக்கும்போது வீடே மணக்கிறது என்று சந்தோஷப்படுகிறோமே, அந்த மணம் சட்டியை விட்டு வெளியே வந்தது என்றுதான் அர்த்தம். டம்ளரில் மிச்சம் எவ்வளவு என்று மூக்கு சொல்லாது.

இதனால் பொடியைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள் என்று சொல்லவில்லை. சித்த மருத்துவம் ஒன்பதையும் சேர்த்தே கொதிக்கச் சொல்கிறது என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். சொல்வது ஒன்றுதான்: சொன்ன மாதிரி செய்யுங்கள், இல்லையென்றால் மாற்றியதை அளந்து காட்டுங்கள். சொன்னதையும் செய்யாமல், மாற்றியதையும் அளக்காமல், பாரம்பரியம் என்று பெயர் மட்டும் வைக்காதீர்கள்.

அண்டாக் கணக்கு

முகாமுக்கு வருவோம். ஆளுக்கு 60 மில்லி, 200 பேருக்கு என்று வையுங்கள். கடைசியில் 12 லிட்டர் வேண்டும். அப்படியானால் ஆரம்பத்தில் 48 லிட்டர் தண்ணீர், 1 கிலோ பொடி. வற்ற வேண்டியது 36 லிட்டர்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க சுமார் 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். பிளஸ் டூ இயற்பியல்தான். 36 லிட்டருக்கு 81 மெகாஜூல். 48 லிட்டரை முதலில் 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர இன்னொரு 14. ஆகமொத்தம் 95. பாத்திரத்துக்குள் 5 கிலோவாட் வெப்பம் இறக்குகிற ஒரு பெரிய கேஸ் அடுப்பு என்றால், இதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுப்பு தரும் வெப்பத்தில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் நாலு கிலோவுக்கு மேல் கேஸ்.

ஐந்து மணி நேரம்! சாயங்காலம் ஆறு மணி முகாமுக்கு மதியம் பன்னிரண்டரைக்கே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். எத்தனை முகாமில் பற்றவைக்கிறார்கள்?

நாலு மணிக்குப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்றும் அதே கணக்கு சொல்லும். முதல் முக்கால் மணி நேரம் தண்ணீர் கொதிக்கவே போய்விடும். மிச்ச நேரத்தில் வற்றுவது பத்து லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அண்டாவில் 38 லிட்டர் நிற்கும். பொடியின் சாரம் முழுக்க இறங்கிவிட்டது என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு கப்பில் வருவது இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 31 சதவீதம்.

சரி, 38 லிட்டரை 60 மில்லியால் வகுத்தால்? சுமார் 633 கப். 200 பேருக்கான மருந்து 600 பேருக்கு "வழங்கப்பட்டது". ஃப்ளெக்ஸில் எண்ணிக்கை ஏறியது எப்படி என்று இப்போது புரிகிறதா? அது கருணை இல்லை, வற்றாத தண்ணீர்.

வீட்டிலும் இதே கதைதான். 240 மில்லியை 120 வரைக்கும் வற்றவைத்து, "போதும்" என்று இறக்கி, அதில் 60 மில்லி மட்டும் குழந்தைக்குக் கொடுத்தால் போனது பாதி மருந்து. பொடியை வெந்நீரில் போட்டு டீ மாதிரி இரண்டு நிமிஷம் வைத்து வடிகட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது குடிநீர் இல்லை, குடிக்கிற நீர்!

2017-ல் கேட்காமல் விட்ட கேள்வி

2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீரை முன்னால் கொண்டுவந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு காய்ச்சல் சீசனிலும் கட்சி, சங்கம், ரசிகர் மன்றம் என்று எல்லாரும் அண்டா வைக்க ஆரம்பித்தார்கள். அக்டோபர் 2017-ல் கமல்ஹாசன் ட்விட்டரில், ஆராய்ச்சி முடிவு தெரியும் வரைக்கும் விநியோகிக்க வேண்டாம் என்று தன் இயக்கத்தினரைக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான், தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் "சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துகிறார்", இன்னொரு பக்கம் "நிரூபணம் எங்கே?"

நிலவேம்பு வேலை செய்யுமா என்பது நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறதே. தெருவில் கொடுத்தது நிலவேம்புக் குடிநீரா? ஆய்வகத்தில் முறைப்படி காய்ச்சி, நல்ல முடிவே வந்தது என்று வையுங்கள். அந்த முடிவு 31 சதவீதக் கப்புக்குப் பொருந்துமா? முடிவு மோசமாக வந்தால் மட்டும் பொருந்துமா? இரண்டு கட்சியும் கப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கப்புக்காகச் சண்டை போட்டார்கள்.

இதில் அதிகம் கோபப்பட வேண்டியவர்கள் சித்த மருத்துவத்தை நம்புகிறவர்கள்தான். நாலில் ஒன்று என்ற கட்டளையை மீறியது விஞ்ஞானிகள் இல்லை. பாரம்பரியக் கொடி பிடித்தவர்கள்.

வழக்கமான பதில்கள்

"கசக்குதே, அது போதாதா?" போதாது. நிலவேம்பின் கசப்பு சாதாரணக் கசப்பு இல்லை. தண்ணியாக இருந்தாலும் நாக்கைப் பிடிக்கும். நாக்கு தராசு இல்லை.

"அப்போ பொடியை அதிகமாப் போட்டுட்டா போச்சு, ஹாப்ஸ் மாதிரி." இங்கேதான் ஜாக்கிரதை. பீர் காய்ச்சுகிறவனுக்குக் கணக்கு தப்பினால் பீர் கசக்கும், கீழே ஊற்றிவிடுவான். இது மருந்து. ஒன்பது சரக்கும் ஒரே வேகத்தில் இறங்காது. பொடியைக் கூட்டினால் நேரம் போதாத சரக்கு சரியாகலாம், சீக்கிரம் இறங்குகிற சரக்கு அளவுக்கு மீறிவிடும். அளவை மாற்றும் உரிமை சித்த மருத்துவருக்குத்தான், அண்டா வைத்தவருக்கு இல்லை.

"இலவசமாக் குடுக்கறவங்களைக் குத்தம் சொல்லலாமா?" சொல்லலாம். அரை வயிறு சோறு போட்டால் சாப்பிட்டவருக்குப் பசி தெரியும், இன்னொரு வீட்டுக்குப் போவார். மூன்றில் ஒரு பங்கு மருந்து குடித்தவருக்கு எதுவும் தெரியாது. "கஷாயம் குடிச்சாச்சே" என்று நம்பி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒரு நாள் தள்ளிப்போடுவார். டெங்குவில் ஒரு நாள் சின்ன விஷயம் இல்லை.

"பாட்டி காலத்துல இதெல்லாம் அளந்தாங்களா?" அளந்தார்கள்! நாலில் ஒன்று என்பதே அளவுதான். அளக்காமல் விட்டது பேரன்கள்.

என்ன செய்யலாம்?

முகாம் நடத்துகிறவர்களுக்கு வழி சுலபம். நேரம் இல்லையென்றால் அடுப்பைக் கூட்டுங்கள். 48 லிட்டரை மூன்று அண்டாவாகப் பிரித்து மூன்று அடுப்பில் வைத்தால் ஐந்தே கால் மணி நேரம் ஒன்றே முக்காலாகிவிடும். கேஸ் செலவு ஏறக்குறைய அதேதான். மூன்று அடுப்பு கிடைக்காதா? ஆளைக் குறையுங்கள். ஒரே அடுப்பு, இரண்டு மணி நேரம் என்றால் முறையாக வருவது நாலரை லிட்டர், 75 பேருக்கு. 75 பேருக்கு மருந்து கொடுப்பது மேல், 600 பேருக்குக் கசப்புத் தண்ணீர் கொடுப்பதைவிட. (ஃப்ளெக்ஸில் 75 என்று போட வெட்கமாக இருந்தால் அது வேறு வியாதி, அதற்குக் கஷாயம் கிடையாது.)

வீட்டில் காய்ச்சுகிறவர்கள் 60 மில்லியை ஒரு தடவை அளந்து சட்டியில் ஊற்றி, மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தீயைச் சிறிதாக்குங்கள். அன்றன்று காய்ச்சி அப்போதே குடியுங்கள்.

பொடி தயாரிக்கிறவர்கள், அரசு நிறுவனமோ தனியாரோ, பாக்கெட்டில் "60 மில்லியாக வற்றவும்" என்பதோடு நிறுத்தாமல் தீ எவ்வளவு, நிமிஷம் எவ்வளவு, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு அட்டவணை அச்சடிக்கலாம். ஹாப்ஸுக்கு அப்படி அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிலவேம்புக்கு ஏன் கூடாது?

கல்லூரி மாணவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வேதியியல் லேபில் ஒரு தராசு, ஒரு வாட்டர் பாத், நாலு பீக்கர் போதும். ஒரே பாக்கெட் பொடி, நாலு விதம்: சிறு தீயில் நாலில் ஒன்று, பெரிய தீயில் நாலில் ஒன்று, பாதியில் இறக்கியது, வெந்நீரில் இரண்டு நிமிஷம். வடிகட்டி, ஒவ்வொன்றிலும் 60 மில்லியை எடுத்து முழுசாகக் காயவைத்து, அடியில் தங்கும் சாரத்தை எடை போடுங்கள். எந்தச் சரக்கு எவ்வளவு என்று அது சொல்லாது, அதற்குப் பெரிய கருவி வேண்டும். ஆனால் நாலு டம்ளரும் ஒன்றா இல்லையா என்று ஒரு சாயங்காலத்தில் தெரிந்துவிடும். செமஸ்டருக்கு ஒரு தடவை பழைய டைட்ரேஷனையே திரும்பத் திரும்பச் செய்வதைவிட இது எவ்வளவோ உருப்படியான பிராக்டிகல்.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள் அண்டாவைப் பார்த்தால் கப்பை வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க, எவ்வளவா வத்துச்சு?"

பதில் டக்கென்று வந்தால் நம்பிக் குடிக்கலாம். முழித்தால்... பக்கத்துக் கடையில் சுக்குக் காபி நன்றாக இருக்கும்.